ஐந்து தீயணைப்பாளர்களும் ஒரு கல்யாணக் கேள்வியும்

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு டிபன் கேரியர்.

அதை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் ஊழியர் அரசு அலுவலக மாடிப்படியில் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் ஹெல்மெட்டுடன் ஒருவர். அடுத்தவர் செல்போன் சார்ஜரைப் பிடுங்கி எடுத்து வந்திருந்தார் — ஒயர் ஒவ்வொரு படியிலும் தட்டித் தட்டி வந்தது. பிறகு மொத்தமாக முப்பது பேருக்கு மேல். எல்லோரும் வேகமாக, ஆனால் ஓடாமல், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே...

உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. தென்காசி மாவட்டத்தில் ஒன்று, ஓய்வூதியப் பிரிவு அதன் மாடியில் இருக்கிறது. அவ்வளவு போதும். அங்குள்ளவர்கள் நல்லவர்கள். அடுத்த வருடமும் நான் அங்கே போக வேண்டியிருக்கிறது.

நான் போனது என் அக்காவுக்காக. ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து 'இருக்கிறேன்' என்று காட்ட வேண்டும் அல்லவா? வீட்டிலிருந்தே விரல் ரேகை வைத்து முடிக்கலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்க மாட்டாள். நல்ல சேலை கட்டி, நேரில் போய், நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால்தான் அவளுக்கு உயிரோடு இருப்பதாகத் தோன்றும்.

முற்றத்தில் புங்கை மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் என்னை இடித்தாள்.

"ஏலே, ஒருத்தர் கையிலயாவது ஃபைலு இருக்கான்னு பாரு."

பார்த்தேன். ஒருவர் கையிலும் இல்லை.

என்னதான் நடந்தது? பிறகு ஒவ்வொருவரிடமாகக் கேட்டு அடுக்கியதில் கிடைத்த வரிசை இது.

அந்த வாரம் ஏதாவது ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், தீ விபத்து ஒத்திகை நடக்கும் என்று அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு வாசல் வழியே காக்கிச் சீருடையில் ஐந்து தீயணைப்பாளர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசையில். ஒருவர் தோளில் தடிமனான கயிற்றுச் சுருள். கீழ்த்தளத்தில் இருந்த அலுவலக உதவியாளர் பார்த்தார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மணியை அமுக்கிவிட்டார்.

மணி கேட்டதும் ஊழியர்கள் வெளியே வந்தார்கள்.

ஊழியர்கள் வெளியே வருவதைப் பார்த்ததும், மணியையும் கேட்டதும், அந்த ஐந்து பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே ஓடினார்கள்!

ஆமாம். அவர்கள் ஒத்திகைக்கு வரவில்லை. வேறு வேலையாக வந்தவர்கள். மணி அடிக்கிறது, ஜனம் இறங்கி வருகிறது என்றால் அவர்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். உள்ளே ஏதோ எரிகிறது.

இவர்களைப் பார்த்து அவர்கள் வெளியே. அவர்களைப் பார்த்து இவர்கள் உள்ளே. முப்பது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவன் நான். ஒரே தீயை இரண்டு தரப்பும் இவ்வளவு மனதார நம்பி, தீ மட்டும் வராமல் போன சம்பவத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஐந்து பேருடன் ஆறாவதாக ஒருவர் வந்திருந்தார். அவர் மட்டும் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார். நாற்பத்திரண்டு வயதுப் பெண். வெளிர் நீலச் சேலை. கையில் பழுப்பு உறை. ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக, அவர் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அக்கா முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வாள். அன்று அவ்வளவுகூட ஆகவில்லை. "இங்கன வந்து உக்காரும்மா" என்று பெஞ்சில் இடம் விட்டாள்.

அவர் பெயர் கோமதி. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கணவர் கணேசன், தீயணைப்பு வீரர். ஒன்பது வருடத்துக்கு முன்பு கிணற்றில் விழுந்த பசுவைத் தூக்கக் கூப்பிட்டார்கள். பசுவுக்குக் கயிறு கட்டி மேலே அனுப்பிவிட்டு, தான் ஏறுவதற்குள் பக்கச் சுவர் சரிந்தது. பசு பிழைத்தது. ஒரு மகள், ப்ரியா. அப்போது எட்டு வயது, இப்போது பதினேழு.

கணேசன் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் கடைசியாக நுழைந்தவர்களில் ஒருவர். அதனால் கோமதிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. அவரும் வருடத்துக்கு ஒரு முறை வர வேண்டும். ஆனால் என் அக்கா காட்ட வேண்டியது ஒன்றுதான் — உயிரோடு இருப்பது. கணவரை இழந்தவர்கள் இரண்டாவதாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'மறுமணம் செய்துகொள்ளவில்லை.' படிவத்தில் அச்சடித்த வரி. கீழே கையெழுத்து.

எட்டு வருடம் கோமதி கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்த வருடத்துப் படிவம் உறைக்குள் இருந்தது. கையெழுத்து இல்லாமல்.

ஏன்?

"ஒருத்தரு கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றார் கோமதி. அக்காவிடம்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

அந்த ஒருத்தர் பரமசிவன். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்புகிறவர். மூன்று தங்கைகளுக்கும் கல்யாணம் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்பது தாண்டியிருந்தது. கடைசித் தங்கைக்குச் சேலை எடுக்க வந்தவர். எடுத்த சேலையை மாற்ற மூன்று முறை வந்திருக்கிறார். மூன்றாவது முறை கொண்டுவந்த சேலை, முதல் முறை எடுத்துப்போன அதே சேலை. கோமதியைக் கல்யாணத்துக்குக் கேட்டது நான்கு வருடத்துக்கு முன்பு.

ப்ரியாவுக்குச் சம்மதம். கோமதிக்கும்தான். பிறகு என்ன தடை?

கோமதி அப்போது ஒருவரிடம்தான் யோசனை கேட்டார். கணேசன் ஏறிய வண்டியின் முன்னணித் தீயணைப்பாளர் மாடசாமியிடம். கணேசன் போனதிலிருந்து அந்த வீட்டுக்கு ரேஷன் கார்டு திருத்தம் முதல் ப்ரியாவின் சைக்கிள் பஞ்சர் வரை பார்த்தவர். அண்ணன் மாதிரி. கல்யாணம் பண்ணிக்கொண்டால் பென்ஷன் நின்றுவிடுமா என்று கோமதி கேட்டிருக்கிறார்.

"நின்னுரும் தாயி. அத்தோட எல்லாம் போச்சு" என்று சொல்லியிருக்கிறார் மாடசாமி.

பென்ஷன் போனால் ப்ரியாவின் படிப்பு? நர்சிங் படிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெண். சேலைக்கடைச் சம்பளத்தில் அது நடக்காது. பரமசிவன், "நான் படிக்க வைக்கேன்" என்றார். கோமதி மறுத்துவிட்டார். அது அப்பாவின் வேலையில் வருகிற படிப்பு, அப்படியே வரட்டும் என்று. ஆக, ப்ரியா வேலைக்குப் போகும்வரை கல்யாணம் இல்லை.

ஊரில் யோசனைக்குப் பஞ்சமா? கோயிலில் மாலை மாற்றிக்கொள், பதிவு செய்யாதே என்று சிலர். தாலியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர். எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டியவர்களும் உண்டு. கோமதி கேட்கவில்லை. பொய்க் கையெழுத்து ஒன்று. அதைவிட, கல்யாணம் பண்ணிக்கொண்டு அதை ஒளித்துவைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் ப்ரியா ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். படிவத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தவள், கூடவே ஒன்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போதுதான் கோமதிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"'எம்மா, நீ கல்யாணம் பண்ணுதியோ இல்லியோ, ஆபீஸ்ல போயி ஒரு தடவ கேட்டுட்டாவது பண்ணாம இரி'ன்னா."

சரியான கேள்வி. நான்கு வருடமாக யாரும் அலுவலகத்தில் போய்க் கேட்கவில்லை!

மாடசாமியிடம் சொன்னார் கோமதி. மாடசாமி தன் குழுவைக் கூட்டிவிட்டார். தீயணைப்புத் துறையில் தனி ஆளாக எங்கும் போகும் பழக்கம் இல்லை. வண்டி என்றால் குழு. குழு என்றால் ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு வேலை. ஒன்று, அதிகாரியைப் பார்ப்பது. இரண்டு, கல்யாணச் சட்டம் கேட்பது. மூன்று, மகள் படிப்பு பற்றிக் கேட்பது. நான்கு, ஜெராக்ஸ். ஐந்தாம் நம்பருக்கு வேலை எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் வந்தார். கயிறு வைத்திருந்தவர் அவர்தான்.

கயிறு எதற்கு? முந்தைய இரவு முழுக்க அவர்களுக்குக் குற்றாலத்தில் டியூட்டி. சீசன் அல்லவா... மேலே மழை பெய்து பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ, குளிக்கத் தடை போட்டு, காலையில் அடுத்த குழு வந்ததும் ஸ்டேஷனுக்குக்கூடப் போகாமல் அப்படியே இரண்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். பூட்ஸில் அருவி ஈரம். கயிற்றை ஆட்டோவில் வைத்துவிட்டு வர மனம் இல்லை.

திட்டம் எளிமையானது. பேசுவது மாடசாமி. கோமதி நின்றால் போதும்.

இப்போது பேச வேண்டிய மாடசாமி மாடியில் எந்த அறையில் புகை என்று தேடிக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் பச்சை நிறப் பலகையில் 'ஒன்றுகூடும் இடம்' என்று எழுதியிருந்தது. அது எங்கள் புங்கை மரத்தடிதான். எல்லோரும் வந்து நின்றார்கள். ஓய்வூதியப் பிரிவின் உதவி அலுவலரும் வந்தார். ஐம்பதை நெருங்கிய பெண்மணி, கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில். எங்கள் பெஞ்சிலிருந்து மூன்று அடி தூரம்.

அக்கா கோமதியை முழங்கையால் தள்ளினாள். "அந்தம்மாதான். போ. இப்பம் கூட்டமும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல."

கோமதி எழுந்தார். இரண்டு அடி வைத்தார். திரும்பி மாடியைப் பார்த்தார். மாடசாமி வரவில்லை.

"மேடம்" என்றார். "நான் கல்யாணம் பண்ணிக்கிடப் போறேன். எம் பொண்ணுக்குப் பென்ஷன் உண்டா, இல்லியா?"

நான்கு வருடக் கேள்வி. பன்னிரண்டு சொற்கள்கூட இல்லை. பேசிக்கொண்டிருந்த கூட்டம் நின்றது. டிபன் கேரியர் பெண் ஒரு அடி நெருங்கி வந்தார்.

அதிகாரி கோமதியை மேலும் கீழும் பார்க்கவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலை மூடினார். கேட்டது மூன்று கேள்விகள். மகளுக்கு என்ன வயது? கல்யாணம் ஆகிவிட்டதா? வேலைக்குப் போகிறாளா? பதினேழு, இல்லை, இல்லை.

"அப்போ உண்டு" என்றார்.

"நின்னுரும்னுல்லா சொன்னாங்க?" என்றார் கோமதி.

"உங்களுக்குத்தாம்மா நிக்கும். கல்யாண தேதியிலேர்ந்து. ஆனா அது அப்படியே உங்க பொண்ணு பேருக்கு மாறும். இருபத்தஞ்சு வயசு வரைக்கும். இல்ல அவ கல்யாணம் பண்ணினா, வேலைக்குப் போனா அதுவரைக்கும். இப்ப மைனர்ங்கறதால கார்டியன் போட்டு வாங்கணும். நீங்களே கார்டியனா இருக்கலாம். பதினெட்டு முடிஞ்சா அவளே வாங்கிக்குவா."

பெஞ்சில் என் அக்கா கைதட்டினாள். ஆசிரியை புத்தி.

ஆனால் அதிகாரி முடிக்கவில்லை. குரலைக் குறைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். நல்ல அதிகாரிகள் இதையும் சொல்வார்கள்.

"உங்களுக்கு நின்னது நின்னதுதான். நாளைக்கு இந்தக் கல்யாணம் எப்படி ஆனாலும் திரும்பி வராது. யோசிச்சுக்கோங்க."

"நாலு வருசமா யோசிச்சாச்சு மேடம்" என்றார் கோமதி.

இந்த இடத்தில்தான் மாடசாமி குழு வெளியே வந்தது. எல்லா அறைகளையும் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பதினோரு ஃபேன்களை நிறுத்திவிட்டு, மணியையும் நிறுத்திவிட்டு வந்தார்கள். புகையைக் காணாத குழப்பம் ஐந்து முகங்களிலும். மாடசாமி நேராக அதிகாரியிடம் போய் விறைத்து நின்று, உள்ளே ஆபத்து எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். அதிகாரி, ஒத்திகை மிகவும் நன்றாக நடந்தது என்று பாராட்டினார். இருவரும் ஒருவரையொருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் வெளிச்சத்துக்கு வர இரண்டு நிமிடம் ஆனது. முற்றமே சிரித்தது. அலுவலக உதவியாளர் மட்டும், "கயித்தோட வந்தா யாருக்குமே அப்படித்தான் தோணும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் கோமதி மாடசாமியிடம் சொன்னார். ப்ரியாவுக்கு உண்டாம் அண்ணாச்சி என்று. மாடசாமி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். மறுபடியும் விளக்கினார்.

மாடசாமி படியில் உட்கார்ந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னது இரண்டு வாக்கியம். 'நின்னுரும்' — அது சரி. 'அத்தோட எல்லாம் போச்சு' — அது தவறு. இரண்டுக்கும் நடுவில் நான்கு வருடம் போய்விட்டது.

"நான் பாதிதாம்மா தெரிஞ்சு வச்சிருந்தேன். அத முழுசுன்னு நெனச்சு சொல்லிட்டேன். உன் நாலு வருசத்த நாந்தான் முழுங்கிருக்கேன்" என்றார். கிணற்றில் இறங்குகிறவர், அருவியில் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறவர். குரல் உடைந்துவிட்டது. மற்ற நால்வரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோமதி என்ன சொல்லப் போகிறார்? முற்றத்தில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

"எந்திரிங்க அண்ணாச்சி. நாலு வருசம் அந்த மனுசன் மாறுதாரான்னு பாத்துக்கிட்டேன். நீங்க சொல்லாட்டா அது தெரிஞ்சிருக்குமா?"

ஐந்தாம் நம்பர்தான் முதலில் சிரித்தார்.

மாடசாமியை நான் குறை சொல்ல மாட்டேன். விதிகளின் முதல் வரி வாய் வழியாக ஊரெல்லாம் போகிறது. 'நின்றுவிடும்', 'கிடையாது', 'முடியாது' — இவை எல்லாம் முதல் வரிகள். 'ஆனால்' என்று தொடங்கும் இரண்டாம் வரி புத்தகத்தை விட்டு எழுந்து வருவதே இல்லை. பயம் முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. மேலே கேட்க யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. பக்கத்தில் இடமில்லை என்று செய்தியின் கடைசிப் பத்தியை வெட்டி எறிந்த பாவம் எனக்கும் உண்டு. எத்தனை 'ஆனால்'களை வெட்டினேனோ...

உங்கள் தெருவில், உங்கள் உறவில், இப்படி முதல் வரியோடு உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் விவகாரமும் வேறு. பிள்ளைகளின் வயது வேறு, கணவர் வேலையில் சேர்ந்த காலம் வேறு. பதில் வேறாகவும் இருக்கலாம். ஆனால் பதில், படித்தவரின் வாயிலிருந்து வரட்டும்.

சரி, கதைக்கு வருகிறேன். அதிகாரி எல்லோரையும் மேலே போகச் சொன்னார். போகும் முன் கோமதியிடம் கேட்டார், மாப்பிள்ளை யார், வந்திருக்கிறாரா என்று.

ஐந்து தீயணைப்பாளர்களின் தலைகளும் ஒரே நேரத்தில் சாலைப் பக்கம் திரும்பின.

எதிரே டீக்கடை. பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். முற்றமே தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் கையில் இருந்த தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அது பேப்பர் அல்ல, வடை கொடுத்த எண்ணெய்த் தாள். தன்னைப் பார்த்துவிட்டால் அங்கேயே அப்போதே பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, காலை ஒன்பது மணியிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தாராம். எட்டு டீ.

இரண்டாம் நம்பர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பரமசிவன் அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டார். டிபன் கேரியர் பெண், "மாப்பிள்ளைக்குக் கூச்சத்தப் பாரேன்" என்றார். பரமசிவனின் காது சிவந்துவிட்டது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுடைய 'இருக்கிறேன்' நேர்காணல் மதியம் ஒரு மணிக்குத்தான் நடந்தது. அன்று அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை.

இது நடந்தது ஆனி மாதம். அன்றைக்கே எழுத என் கை துறுதுறுத்தது. கோமதி, "ஆர்டர் கையில வரட்டும் சார், அதுக்கு அப்புறம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். காத்திருந்தேன்.

ஆவணியில் தென்காசியில் கல்யாணம். பதிவும் செய்தார்கள். பெண் வீட்டார் வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள்; அன்றைக்குச் சீருடை இல்லை, ஐந்தும் ஒரே நிறச் சட்டை. ப்ரியா நர்சிங் கல்லூரியில் லீவு போட்டு வந்திருந்தாள். மறுவாரமே கோமதி அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தார். திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு. இந்தத் தடவை தனியாகப் போனார். சென்னைக்குப் போய்த் திரும்பி வர வேண்டிய காகிதம். ஒரு தடவை இழுத்தது, ஒரு தடவை கேள்வி கேட்டுத் திரும்பி வந்தது.

போன செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. கோமதி போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கடைசி மூன்று வரிகள் இவை.

ஓய்வூதியம் பெறுபவர்: ப்ரியா. இறந்த பணியாளருக்கு உறவு: மகள். காப்பாளர்: தாய், கோமதி பரமசிவன்.